சைக்கிள் கடையும் என் அரைகுறை ஹிந்தியும்

தாராவியில் என்னோடு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அறுபதுகளில் எங்கள் சந்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஹிந்தி தெரிந்த ஒரே ஆள் எட்டு, பத்து வயதுப் பிள்ளையாகத்தான் இருக்கும். ரேஷன் கடைக்காரர் என்ன சொல்கிறார், ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன கேட்கிறார், போலீஸ்காரர் எதற்கு லத்தியைத் தட்டுகிறார், எல்லாவற்றையும் நாங்கள்தான் தமிழாக்கி அம்மாக்களுக்குச் சொல்வோம். குழாயடியில் பொறுக்கிய ஹிந்தி அது. ஆனாலும் அதை வைத்துக்கொண்டு எங்களுக்கு இருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சம் இல்லை.

அந்தத் தலைக்கனத்தில் நான் செய்த ஒரு காரியம் உண்டு. அதை முழுதாக அறிந்தவர்களில் இன்றைக்கு மிச்சம் இருப்பது பிள்ளையாரும் நானும்தான். எனக்கும் வயதாகிவிட்டது, என்னோடு வளர்ந்த உங்களுக்கும் வயதாகிவிட்டது. இப்போது சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா முதலில் தோல் கிடங்கில் வேலை பார்த்தார். பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போடுகிற தொட்டி வேலை. அவர் வீட்டுக்கு வரும் முன்னே அந்த வாடை வந்துவிடும். இருமல் பிடித்தது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதை நான்தான் மாற்றிச் சொன்னேன். "இனி தொட்டிப் பக்கம் போகக் கூடாதாம்மா. போனா நெஞ்சு தாங்காதாம்." அம்மா அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். அவள் இட்லி அவிப்பது, அப்பா சைக்கிளில் கொண்டுபோய் மாதுங்காவில் விற்பது.

முதலில் வாடகைச் சைக்கிள்தான். எங்கள் சந்து முனையில் ஒரு சைக்கிள் கடை இருந்தது. கடைக்காரர் உத்தரப் பிரதேசத்து ஆள். பம்பாயில் அந்த ஊர்க்காரர்களை எல்லாரும் பையா என்றுதான் கூப்பிடுவார்கள், அண்ணன் என்று அர்த்தம். எங்களுக்கும் அவர் சைக்கிள் பையாதான். தகரக் கூரை, ஒரு காற்றடிக்கிற பம்பு, பஞ்சர் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய சட்டி, கறுத்த கைகள். அதிகம் பேச மாட்டார். அவருடைய சைக்கிள்களில் ஹாண்டில் ஒன்றிலிருந்து வந்திருக்கும், சீட்டு இன்னொன்றிலிருந்து வந்திருக்கும். அம்மா சொல்வாள்:

"ஒரு சைக்கிளுக்குள்ள எட்டுச் சைக்கிள் இருக்கு. எது எப்ப கழண்டு விழும்னு யாரு கண்டா?"

ஒருநாள் சயான் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் அப்பா விழுந்தார். முழங்கை கிழிந்தது. ஒரு தேக்சாப் பாத்திரம் நிறைய இட்லியும் ரோட்டில். அப்பா காயத்தைப் பார்க்காமல் காக்கை விரட்டிக்கொண்டு நின்றாராம். அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. கழுத்துச் சங்கிலியைக் கழற்றினாள்.

"வாங்குனா கம்பெனி சைக்கிள்தான் வாங்கணும். எல்லாச் சாமானும் ஒரே கம்பெனி."

சைக்கிள் பையாவோ, தானே ஒரு சைக்கிள் பூட்டித் தருவதாக அப்பாவிடம் சொல்லியிருந்தார். பளு தூக்குகிற மாதிரி, பின் சக்கரத்துக்குத் தடித்த கம்பி போட்டுத் தருவதாக. அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

மாதுங்காவில் கண்ணாடிக் கதவு போட்ட கம்பெனிக் கடையில் வாங்கினோம். குர்லாவிலும் செம்பூரிலும் அதே பெயரில் கடை, அதே பச்சை போர்டு. கூடவே ஓர் அட்டை கொடுத்தார்கள். மூன்று தடவை ஃப்ரீ சர்வீஸ், எந்தக் கிளைக்கு வேண்டுமானாலும் வரலாம், ஆனால் வெளி ஆள் கைவைத்தால் அட்டை செல்லாது. அம்மா அந்த அட்டைக்குக் குங்குமம் வைத்து முருகன் படத்துக்குப் பின்னால் செருகினாள். சைக்கிளுக்குத் திருநீற்றுப் பட்டை, மாலை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், எல்லாம் நடந்தது. நசுங்கிய பழத்தின் வாசனையும் புது டயரின் வாசனையும் சேர்ந்து வந்தது இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது.

மாலை போட்ட சைக்கிளைப் பையா கடை வழியாகத்தான் தள்ளிக்கொண்டு வந்தோம், வேறு வழி கிடையாது. அவர் கந்தையில் கையைத் துடைத்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

"கண்ணு வைக்கான்," என்றாள் அம்மா. ஒரு மனுஷன் வாய் திறக்காமல் நின்றால் அதற்கு ஓர் அர்த்தம்தானா உண்டு? அது அன்றைக்கு எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

மூன்று மாதம் சைக்கிள் பூப்போல ஓடியது. பிறகு மழை. பம்பாய் மழையைப் பற்றி உங்களிடம் நான் சொல்லவா? கடல் கழிமுகத்துத் தண்ணீர் சாக்கடை வழியாக ஏறி ரோட்டுக்கு வரும். அந்த உப்புத் தண்ணீருக்குள் பாதிச் சக்கரம் முங்க அப்பா தினமும் போய் வந்தார். ஒரு புதன்கிழமை காலை, இட்லி விற்று முடித்துத் திரும்பும்போது பெடல் சும்மா சுற்றியது. சங்கிலி இருக்கிறது, பெடல் சுற்றுகிறது, சக்கரம் நகரவில்லை. தள்ளிக்கொண்டே வந்தார். சந்து முனைக்கு வந்தபோது இருமல் பிடித்துக்கொண்டது. அம்மாவும் நானும் ஓடினோம்.

அப்பா நின்ற இடம் பையா கடை வாசல். அப்பாவே, "சும்மா என்னன்னு பாக்கச் சொல்லேன்," என்றார். நான் ஹிந்தியில் கேட்டேன். பையா வந்தார். பின் சக்கரத்தைத் தூக்கினார், பெடலைச் சுற்றினார், காதைக் கிட்டே வைத்துக் கேட்டார். பிறகு நிமிர்ந்து அப்பாவைப் பார்த்து, "குத்தா மர் கயா," என்றார்.

"ஏட்டி, என்ன சொல்லுதான்?" என்றாள் அம்மா.

குத்தா என்றால் நாய். மர் கயா என்றால் செத்துப்போச்சு. எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் சைக்கிளில் ஏது நாய்? தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் ஹிந்திக்கு அது அவமானம் அல்லவா? அதனால், "நாய் செத்துப்போச்சுங்கான்," என்றேன். அதோடு நிறுத்தினேனா? "அப்பாவப் பாத்துச் சொல்லுதாம்மா. அப்பாவத்தான் நாய்ங்கான்," என்று என் கைச்சரக்கையும் சேர்த்தேன்.

அம்மா பேசியதில் பாதியை இங்கே எழுத முடியாது. பக்கத்துப் பிள்ளையார் கோயில் வாசலிலிருந்து ஆட்கள் இறங்கி வந்து பார்த்தார்கள். பையாவுக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. ஆனால் மண்ணை அள்ளித் தன் கடையைப் பார்த்துத் தூற்றுகிற ஒரு பெண்பிள்ளை என்ன சொல்கிறாள் என்பது எந்த ஊர்க்காரனுக்கும் புரியும். அவர் முகம் கறுத்தது. பம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"விடு, நம்ம நேரம்," என்றார் அப்பா.

அன்று சாயந்திரமே தோல் கிடங்கின் முகாதம் வந்துவிட்டார். வேலைக்கு ஆள் சேர்க்கிறவர், கையில் எப்போதும் மடக்கிய குடை. சைக்கிள் நின்றுபோன செய்தி எப்படித்தான் போனதோ. தொட்டிக்கு ஆள் குறைகிறது, திங்கட்கிழமை காலை வந்து கூட்டிப்போகிறேன் என்றார். நான் மாற்றிச் சொன்னேன். அப்பா தரையைப் பார்த்தபடி, "சரின்னு சொல்லு," என்றார். முகாதம் போனதும் அம்மா எழுந்தாள்.

"அந்த வாடைக்குள்ள உங்களத் திரும்ப அனுப்பவா நான் சங்கிலியக் கழத்துனேன்? திங்கக்கிழமைக்கு இன்னும் நாலு நாளு கெடக்கு. அதுக்குள்ள இந்தச் சைக்கிள் ஓடும். நீங்க பேசாம இருங்க."

வியாழக்கிழமை தேக்சாவைத் தலையில் வைத்து அம்மாவே மாதுங்கா வரை நடந்தாள். நடந்து சேரும் முன் பாதி வாடிக்கைக்காரர்கள் ஆபீசுக்குப் போய்விட்டார்கள். மீதியைத் திருப்பிக் கொண்டுவந்து வீட்டில் வைத்துவிட்டு, சைக்கிளையும் என்னையும் அட்டையையும் அழைத்துக்கொண்டு மறுபடி மாதுங்கா. அன்றைக்கு எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது.

கம்பெனிக் கடையில் தமிழ் பேசுகிற குமாஸ்தா ஒருவர் இருந்தார். நெற்றியில் சந்தனம், மூக்குக் கண்ணாடி. பெடலைச் சுற்றிப் பார்த்தார்.

"ஃப்ரீவீல் போயிடுத்தும்மா. மாத்தணும்."

"சரி, மாத்திக் குடுங்க."

"சும்மா மாத்த முடியாதே. சாமானுக்குத் தனியாக் கட்டணும்."

அம்மா அட்டையை மேசைமேல் வைத்தாள். "ஏன்யா, எனக்கு இங்கிலீசு தெரியாது. ஆனா ஃப்ரீன்னா சும்மான்னு தெரியும். சாமான் பேருலயே ஃப்ரீன்னு இருக்குல்லா? பெறகு எதுக்குக் காசு?"

கடையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "பேஷ்! நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கணும். அது சக்கரத்தோட பேரும்மா. கம்பெனிக்காரா சும்மா தரதில்லே." அவர் கெட்ட மனுஷன் இல்லை. எனக்கு ஒரு பெப்பர்மின்ட் கொடுத்தார். ஆனால் சாமான் இங்கே இல்லை, குர்லாவில் இருக்கும் என்றார். அம்மா சிரிக்கவில்லை. "குர்லா எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை குர்லா. மழைக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அம்மா முன்னால், காரியரைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால். சேலை முந்தி செயினில் மாட்டி மாட்டி ஓரமெல்லாம் கறுத்தது. குர்லாவில், இங்கே இருப்பு இல்லை, செம்பூரில்தான் ஒர்க்‌ஷாப், அங்கே போங்கள் என்றார்கள்.

இப்போது நான் ஐரோலியில் மகன் வீட்டில் இருக்கிறேன். பேரனுக்குச் சைக்கிள் வாங்கினதும் ஒரு பெரிய கடையில்தான். ஏதாவது பழுது என்றால் போனில் எழுதிப் போட வேண்டுமாம், வரிசை எண் வருமாம். நான் குறை சொல்லவில்லை. நல்ல சைக்கிள், குளிர்ந்த கடை, மரியாதையான பிள்ளைகள். வரிசை எண் வந்த அன்றைக்கு மட்டும் எனக்கு அந்தக் குர்லா ரோடு ஞாபகம் வந்தது.

சனிக்கிழமை செம்பூர். அங்கே கடைக்குப் பின்னால் ஒர்க்‌ஷாப். ஒரு மராட்டி மிஸ்திரி, காக்கி அரைச்சட்டை, காதில் பென்சில். சக்கரத்தைத் தூக்கினார், பெடலைச் சுற்றினார், காதைக் கிட்டே வைத்தார். பையா செய்தது அப்படியே. பிறகு என்னைப் பார்த்து, "குத்தா ஃபெயில்," என்றார்.

அம்மாவுக்கும் அந்தச் சொல் இப்போது தெரியும். "இவனுமா!" என்று சேலையை இழுத்துச் செருகினாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மிஸ்திரியிடம் கேட்டேன். "குத்தா? கஹான் ஹை குத்தா?" நாய் எங்கே இருக்கிறது?

அவர் சிரித்துக்கொண்டே பெஞ்சிலிருந்து ஏற்கெனவே கழற்றிப் போட்ட ஒரு ஃப்ரீவீல் பல்சக்கரத்தை எடுத்தார். அதற்குள் இரண்டு சின்ன இரும்புத் துண்டுகள், என் சுண்டுவிரல் நகம் அளவு. பின்னால் தலைமுடிபோல ஒரு ஸ்பிரிங். பெடலை மிதிக்கும்போது இந்தத் துண்டுகள் பல்லைக் கவ்விப் பிடிக்கும், அதனால்தான் சக்கரம் நகரும். கவ்வுவதால் குத்தா. பம்பாயில் சைக்கிள் வேலை பார்க்கிற எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். உப்புத் தண்ணீர் இறங்கி, துரு ஏறி, எங்கள் சைக்கிளில் அந்த நாய்கள் கவ்வ மறந்துவிட்டன.

அம்மாவிடம் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் எப்படி மாறியது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. மழைக்கோட்டுகள் தொங்கிய சுவரில் சாய்ந்து நின்றாள்.

"அப்ப அன்னைக்கு அவன்..."

"சைக்கிளத்தாம்மா சொல்லியிருக்கான்."

"ஒங்கப்பாவப் பாத்துச் சொன்னான்னியே?"

"அப்பாதானேம்மா சைக்கிளக் கொண்டுபோனது. அதனால அவரப் பாத்துச் சொன்னான். நாய்ங்கான்னு நாந்தான்..." அம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

மிஸ்திரி குரலைத் தாழ்த்திச் சொன்னார். இதைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, ஸ்பிரிங் மாற்றினால் போதும், தெருமுனைக் கடைக்காரன் செய்துவிடுவான். ஆனால் கம்பெனிச் சட்டப்படி நான் உள்ளே திறக்கக் கூடாது, முழுதாகத்தான் மாற்ற வேண்டும். அது வர ஒரு மாதம் ஆகும். வெளியே திறந்தால் இந்த அட்டை செல்லாது.

அம்மா அட்டையை எடுத்தாள். அதில் குங்குமம் மழையில் கரைந்து ஓடியிருந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டு மிஸ்திரி கையில் கொடுத்தாள்.

"இத நீங்களே வச்சிக்கோங்கன்னு சொல்லு. நாம வீட்டுக்குப் போறோம்."

செம்பூரிலிருந்து தாராவி வரை அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னாலேயே போனாள். பசிக்கிறது என்றதற்கு எனக்கு ஒரு பாவ் ரொட்டி வாங்கித் தந்தாள். அவள் தொடவில்லை. நான் ஒவ்வொரு கோயில் வந்தபோதும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மத்தியானம் சாய்கிற நேரத்தில் பையா கடை வாசலில் சைக்கிளை நிறுத்தினாள். அவர் டியூபைத் தண்ணீர்ச் சட்டிக்குள் அமுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"கம்பெனி மே ஜாவ்," என்றார். கம்பெனிக்கே போ.

"நான் தப்பா நெனச்சுத் தப்பாப் பேசிட்டேம்னு சொல்லு," என்றாள் அம்மா. சொன்னேன். அவர் டியூபைத் திருப்பித் திருப்பி அமுக்கினார். குமிழி எதுவும் வரவில்லை. கடைசியில், அன்றைக்கு உன் அம்மா என்ன சொன்னாள், அதைச் சொல் என்றார்.

"என்ன கேக்கான்?"

"அன்னைக்கு நீ என்ன சொன்னேன்னு கேக்கான்."

அப்போது என் மனதில் ஓடியது இதுதான்: அம்மாவுக்கு ஹிந்தி தெரியாது, பையாவுக்குத் தமிழ் தெரியாது. நடுவில் நான் என்ன சொன்னாலும் செல்லும். கோபத்தில் ஏதோ உளறினாள், கெட்டதாக ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டால் காரியம் முடிந்தது. அம்மா என் தலையில் கையை வைத்தாள். அழுத்தி வைத்தாள்.

"சொன்னத அப்படியே சொல்லு. ஒண்ணு கூட்டாத. ஒண்ணு கொறைக்காத."

சொன்னேன். வாயில் வராத வசவுகளைக்கூட எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியாக, "உன் கடையில புல்லு முளைக்கும்" என்பதையும் சொன்னேன். அவர் முகத்தைச் சுளித்தார்.

"காஸ்? துகான் மே?" கடையில் புல்லா?

"ஆமா."

டியூபைக் கீழே வைத்தார். "முளைக்கட்டும். ஊரில் ரெண்டு எருமை பட்டினியாகக் கிடக்கிறது, இங்கே கூட்டிவந்து கட்டுகிறேன்," என்றார். இதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா முந்தியால் வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்று நாளைக்குப் பிறகு அப்போதுதான் சிரித்தாள். ஆனால் கண்ணில் தண்ணீர்.

நான் விடவில்லை. "அம்மா மேல தப்பில்ல. குத்தான்னு நீங்க அப்பாவச் சொன்னதா நாந்தான் சேர்த்துச் சொன்னேன்," என்று அவரிடம் ஹிந்தியில் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். திட்டவில்லை. ஸ்பேனரை எடுத்தார்.

அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. பல்சக்கரத்தைத் திறந்து, அந்த இரண்டு நாய்களையும் மண்ணெண்ணெயில் குளிப்பாட்டி, டப்பாவிலிருந்து தேடியெடுத்த ஸ்பிரிங்கை மாட்டி, தடித்த கிரீஸ் அப்பி மூடினார். பெடலைப் பின்பக்கம் சுற்றினார். டிக் டிக் டிக் டிக் என்று சத்தம் வந்தது. "குரைக்கிறது, கேள்," என்றார் என்னிடம். ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூப்பிட்டு, மழைக்காலம் முடிகிற வரை பதினைந்து நாளைக்கு ஒரு தடவை கொண்டுவரச் சொன்னார். இதை அப்பாவுக்குச் சொல்லும்போது நான் ஒரு சொல்லை இரண்டு தடவை கேட்டுச் சரிபார்த்துக்கொண்டு சொன்னேன்.

திங்கட்கிழமை விடிந்ததும் அம்மா இட்லித் துணியைப் பிழிந்து கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். தேக்சா போய்விட்டது, சைக்கிள் போய்விட்டது, அப்பா போய்விட்டார். மடக்கிய குடையோடு முகாதம் வந்து வாசலில் நின்றார். அப்பா பெயரைச் சொல்லி, கிளம்பிவிட்டாரா என்று கேட்டார். நான் வழக்கம்போல எழுந்து முன்னால் வந்தேன்.

அம்மா என்னைக் கையால் பின்னுக்குத் தள்ளினாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். நாக்கை ஒரு தடவை மடக்கிப் பார்த்துக்கொண்டு, தானே சொன்னாள்:

"வோ நஹி ஆயேகா." அவர் வர மாட்டார்.

முகாதம் என்னைப் பார்த்தார். அம்மா நகர்ந்து என்னை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"கபி நஹி ஆயேகா." ஒருநாளும் வர மாட்டார்.